தோட்டாவும் எறிகணையும்: புரியுடைப் பீரங்கியின் சொல் வரலாறு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மக்களிடையே உரையாற்ற வந்தவன் பீரங்கியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தோட்டத்துக்கும் தோட்டாவுக்கும் ஒலியளவில் மட்டுமே உறவு. முன்னது நம் சொல். பின்னது உருதுவழி வந்து, மருந்தும் குண்டும் ஒருங்கே பொதிந்த சுருளைக் குறிப்பது.

இத்துறைச் சொற்களில் நாம் கொண்டவையும் உண்டு, கொடுத்தவையும் உண்டு. பரங்கியர் பெயரோடு தொடர்புடையது பீரங்கி. துருக்கிச் சொல்லின் வழிவந்தது துப்பாக்கி. மலாய்மொழியில் வெடிகருவிகளைக் குறிக்கும் 'பெடில்' என்பதோ தமிழ் 'வெடில்' என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது. வெடிமருந்து மலாயில் 'உபாட் பெடில்'. உபாட் என்றால் மருந்து. சீனரும் அதனைத் 'தீ மருந்து' என்றே வழங்கினர். உயிர்காக்கும் பொருளின் பெயரை உயிர்பறிக்கும் பொருளுக்கு மூன்று இனத்தாரும் இட்டது எண்ணத்தக்கது.

இனி, எறியப்படும் பொருளுக்கு வருவோம். அதனை நாம் 'குண்டு' என்கிறோம். உருண்டையைச் சுட்டும் இச்சொல், உட்புறம் வழவழப்பான பழைய குழல்களுக்கு முற்றும் பொருந்தும். தஞ்சைக் கீழவாசல் பீரங்கிமேட்டில் உள்ள நாயக்கர் கால இரும்புப் பீரங்கியும், 1603இல் ஒல்லாந்தர் வார்த்து, இன்று பினாங்குக் கோட்டையில் உள்ள செரி ரம்பாயும் அவ்வகையின. அக்குழல்களில் குண்டு வாயளவினும் சற்றுச் சிறியதாகவே இருக்கவேண்டும்; இல்லையேல் உள்ளே செல்லாது. அவ்விடைவெளியால் ஆவி கசியும். குண்டு குழலுள் மோதி மோதி வெளிவரும். எனவே குறி தப்பும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் குழலினுள்ளே திருகுச் சால்களை வெட்டிய பீரங்கிகள் படைகளிற் பரவின. வலம்புரிச் சங்கிலும் முப்புரிநூலிலும் நாம் காணும் 'புரி' இதற்கு இசைந்த சொல், 'புரிகுழல்' எனலாம். புரி இருந்தால் மட்டும் போதாது. எறிபொருள் அதனைப் பற்றவேண்டும். இரும்பு உருண்டை பற்றாது, குழலையும் கெடுக்கும். எனவே நீண்டு முனை கூரிய புதிய எறிபொருள் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் 1858இல் அதன் உடலில் துத்தநாகக் குமிழ்களைப் பதித்துச் சால்களில் பொருத்தினர். ஆங்கிலேயரான ஆம்ஸ்ட்ராங் ஈய உறையிட்டுப் பின்புறமாக உட்செலுத்தினார். அமெரிக்கரான பாரட் அடியில் ஓர் உலோக வளையம் வைத்தார். வெடிக்கும்போது அது விரிந்து சாலைக் கவ்வும். அமெரிக்காவில் அக்காலப் பீரங்கிகளின் படிகளை இன்று பொழுதுபோக்காகச் சுடுவோரும் எறிபொருளைத் தேர்வதற்குமுன் நோக்கவேண்டியது குழலின் உட்புறத்தையே.

இதனை அறியாமையால் நம் வரலாற்று நூல்களில் ஒரு குறை நேர்ந்துள்ளது. 1857 கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் 'கொழுப்புத் தடவிய தோட்டா' என்று எழுதிவிட்டு மேற்செல்கின்றனர். கொழுப்பு ஏன் தடவப்பட்டது என்று என் மாணவர் ஒருவர் வினவியபோதுதான் நானும் எண்ணிப் பார்த்தேன். என்ஃபீல்டு துப்பாக்கி மூன்று சால் கொண்ட புரிகுழல், வாய் 0.577 அங்குலம். அதன் ஈயக்குண்டு காகிதத்தோடு வாய்வழியே இறுக்கமாக இடிக்கப்பட்டது. வழுக்கிச் செல்லவும் மருந்துக் கரி படிந்து அடைபடாதிருக்கவும் கொழுப்பு வேண்டியிருந்தது. பசுவின் கொழுப்போ பன்றியின் கொழுப்போ என்னும் ஐயம் படைவீரரின் நம்பிக்கையைப் புண்படுத்தியது. ஆனால் கொழுப்பை அங்கே கொணர்ந்தது புரி. 'துப்பாக்கி' என்னும் ஒரே சொல் பழைய குழலையும் புதிய குழலையும் மூடிவிட்டதால் காரணமும் மறைந்தது.

இம்மலைக்கு ஏறும் பழைய சாலை தொடங்கும் தாப்பா, பேராக் மாநிலத்தது. அம்மாநிலத்து லாரூட்டில் சுரங்கக் கலகம் நிகழ்ந்தபோது, 1873இல் கேப்டன் ஸ்பீடி இந்தியாவில் திரட்டிய வீரர்களோடு கிருப் பீரங்கிகளையும் கொணர்ந்தார். செருமானியக் கிருப் பீரங்கி புரிகுழலுடையது. ஈய உறையிட்ட நீள் எறிபொருளைப் பின்புறமாக ஏற்பது. அதனைக் 'குண்டு' என்று மொழிபெயர்த்தால் செரி ரம்பாயின் உருண்டையே படிப்போர் கண்ணில் தோன்றும்.

புதுச்சொல் படைக்கவேண்டியதில்லை. ஈழத்துத் தமிழர் தம் போர்க்காலத்தில் 'செல்' என்றும் 'எறிகணை' என்றும் வழங்கினர். கணை என்பது அம்பு, நீண்டு கூரியது. பதுங்குகுழிக்குள் இருந்தோர் வழங்கிய சொல் அது. அருங்காட்சியகப் பலகையிலும் பாடநூலிலும் செரி ரம்பாய்க்குக் குண்டு என்றும், கிருப்புக்கு எறிகணை என்றும் எழுதலாம்.