பண்டரிபுரம் செல்லும் பாதை

கால்நடையாய் நெடுவழி செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்பட்ட பாணனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை நூல்கள் நம் இலக்கியத்துள் தனியிடம் பெற்றவை. அப்பரடிகள் கயிலை நோக்கி நடந்து உடல் தேய்ந்தார் எனப் பெரியபுராணம் பேசும். செட்டிநாட்டு நகரத்தார் இன்றும் தைப்பூசத்தையொட்டிக் காவடி சுமந்து பழநிக்கு நடக்கின்றனர். ஆயினும், நாம் பிழைக்க வந்து வேரூன்றிய இம் மராட்டிய மண்ணில் ஆண்டுதோறும் நடைபெறும் மாபெரும் கூட்டு நடையைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்தது சிறிதே. யாம் புலவரல்லோம், இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்பெழுதும் எழுத்தரே. எனினும், அறிந்தவற்றை இவ் ஆண்டு விழா மலர்வழி அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

அந் நடைக்கு 'வாரி' என்று பெயர். நடப்போர் வாரகரிகள். பீமா ஆறு பிறைபோல் வளைந்து சந்திரபாகை எனப் பெயர் பெறும் இடத்தில் பண்டரிபுரம் அமைந்துள்ளது. அங்கே இடையிற் கைவைத்து நிற்கும் விட்டலனை ஆஷாட ஏகாதசியன்று காண்பதே வாரகரிகளின் நோக்கம். கீதைக்கு மராட்டியில் உரை கண்ட ஞானேசுவரர் 1296-இல் சமாதியடைந்த ஆளந்தியிலிருந்தும், துக்காராம் வாழ்ந்த தேஹூவிலிருந்தும் அவர்தம் பாதுகைகள் பல்லக்கிற் புறப்படுகின்றன. ஆளந்தியிலிருந்து வழித்தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். புனே, சாஸ்வட், ஜெஜுரி, பல்டண், வாக்கரி வழியாக மூன்று வாரங்கள் அளவில் அதனைக் கடப்பர்.

தனித்தனியே நடந்தோரை ஒரு பல்லக்கின்பின் ஒன்றுகூட்டியவர் துக்காராமின் மைந்தர் நாராயண மகராஜ். 1685-இல் அவர் தந்தையாரின் பாதுகைகளோடு ஞானேசுவரரின் பாதுகைகளையும் ஏற்றிச் சென்றார் என்பர். பின்னர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹைபத்ராவ் பாபா என்பார் ஆளந்திப் பல்லக்கைத் தனியே புறப்படச் செய்தார். இவர் சிந்தியா அரசின் படைப்பணியில் இருந்தவர். ஊர்வலத்தில் இன்றும் காணும் ஒழுங்கு பெரிதும் இவர் வகுத்தது. நடப்போர் 'திண்டி' எனப்படும் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு திண்டியும் தனக்குரிய எண்ணும் இடமும் பெற்றுச் செல்லும். காவிக்கொடி ஏந்துவோர், தாளமிடுவோர், மத்தளம் கொட்டுவோர், வீணை சுமப்போர், துளசிமாடத்தைத் தலையிற் சுமக்கும் மகளிர் என யாவர்க்கும் இடமுண்டு. எண்ணும் வரிசையும் பிறழாது வண்டித் தொடர்களை ஓட்டும் துறையிற் பணிபுரியும் எமக்கு, இலட்சக்கணக்கானோர் ஒலிபெருக்கிக் கட்டளையின்றி இவ்வாறு நகர்வது பெருவியப்பே.

இருப்புப்பாதை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. மும்பையையும் சென்னையையும் இணைத்த பாதை 1871-இல் இராய்ச்சூரிற் கூடியது. நம் முன்னோருட் பலர் அவ் வழியே இந்நகர் புகுந்தனர். அப் பாதையில் சோலாப்பூருக்கு முன்னர் வருவது குர்துவாடி நிலையம். ஊர் செல்லும்போது நம்மவர் பலர் உறக்கத்திற் கடந்துவிடும் நிலையம் அது. அங்கிருந்து பார்சி குறும்பாதை 1906-இல் பண்டரிபுரம் வரை நீண்டது. புகைவண்டி வந்தபின் நடை ஒழிந்திருக்க வேண்டுமன்றோ? ஒழியவில்லை, பெருகியது! 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பாதுகைகள் பேருந்தில் ஏகின. 2022-இல் மக்கள் மீண்டும் நடந்தனர். சென்று சேர்வது மட்டுமே நோக்கமாயின் வண்டி போதும். உடன் நடப்பதும் நோக்கம் என்பதனாலேயே வாரி வாழ்கின்றது.

சில ஆண்டுகளுக்குமுன் அலுவலக நண்பர் மூவரோடு யாமும் புனேயிலிருந்து சாஸ்வட் வரை ஒருநாள் நடந்தோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையே திவே கணவாயின் ஏற்றம். மழையில் நனைந்து மூச்சிரைத்து நின்றபோது, உழவர்குடி மூதாட்டி ஒருவர், "மாவுலி, நடங்கள்!" என்றார். மாவுலி என்பது தாய் எனப் பொருள்படும். ஞானேசுவரரை அழைக்கும் அப் பெயராலேயே வாரகரிகள் ஒருவரையொருவர் அழைக்கின்றனர். எவ்வூர் என வினவினார். "பிறந்தது தாராவி, மூதாதையர் ஊர் திருநெல்வேலி" என்றோம். "அங்கும் இவ்வாறு நடப்பீர்களோ?" என்றார். பழநி நடையைப் பற்றிக் கூறினோம்; முகம் மலர்ந்தார். உணவு வேளையில் யாம் கொணர்ந்த புளியோதரையைப் பிரித்து, பழக்கத்தால் சற்று ஒதுங்கி அமர்ந்தோம். அவரோ தேடி வந்து, எம் இலையில் சோளரொட்டியை வைத்துவிட்டு, எம் சோற்றிற் கைப்பிடி கேட்டார். நாணினோம்.

அந் நாணம் எமக்கு மட்டும் உரியதன்று. வாரியின் வரலாற்றிலும் உண்டு. பாமாலை பாடிய சோகாமேளர், தீண்டாமையால் கோயிலுட் புகவொட்டாது தடுக்கப்பட்டவர். அவர் சமாதி கோயிற் படியருகே வெளியிலேயே உள்ளது. இந் நிலை மாற வேண்டி சானே குருஜி 1947 மே மாதத்தில் பண்டரிபுரத்தில் உண்ணாநோன்பிருந்தார். அதன்பின்னரே ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கதவு திறந்தது. வாரியில் நடந்த அறிஞர் இராவதி கார்வே, தம் திண்டியில் சேர்ந்து பாடியவர்களே குலம் பிரிந்து உண்டதைக் கண்டு வருந்தி எழுதினார். அக் கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாட்டில் ஒன்றாகியும் பந்தியில் வேறானால், அந் நடை பாதிவழியே சென்றதாகும்.

மராட்டியரும் தமிழரும் அயலாரல்லர். 1676-இல் ஏகோஜி தஞ்சையில் ஆட்சி நிறுவிய நாள்தொட்டு இரு மொழிகளும் அம் மண்ணிற் கலந்து பழகின. நம் பஜனை மடங்களில் அபங்கங்கள் ஒலிப்பது அதன் பயன்களுள் ஒன்று. புனேயில் பிரபாத் நிறுவனத்தார் 1936-இல் துக்காராம் வரலாற்றைப் படமாக்க, ஈராண்டில் முசிரி சுப்பிரமணிய ஐயர் அவ் வேடமேற்ற தமிழ்ப்படமும் வந்தது. ஆயினும் 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார்க்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, நம்மவர் அஞ்சிக் கதவடைத்திருந்ததை முதியோர் இன்றும் கூறுவர். அறியாமை இருபாலும் இருந்தது. அண்டை வீட்டார் எதனைப் பாடி எவ்வழி நடக்கின்றனர் என நாமும் கேட்டோமில்லை.

அன்பர்களே, ஒரு வேண்டுகோள். நம்மிடையேயும் ஊருக்கொரு கூட்டம், குலத்திற்கொரு கூட்டம் உண்டு. விழாவில் ஒரே மேடையின்கீழ் அமர்ந்து, பின் தனித்தனியே கலைகின்றோம். வரும் ஆண்டில் தாராவி, மாதுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் சேர்ந்து, மராட்டிய அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, புனேயிலிருந்து சாஸ்வட் வரை ஒருநாளேனும் நடப்போம். பக்தியுடையோர் பக்தியால் வருக. இல்லாதோர் நட்பால் வருக. வழியில் ஓரிடத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து சோளரொட்டியும் புளியோதரையும் பகிர்ந்து உண்போம். பயணச்சீட்டும் கால அட்டவணையும் எம் பொறுப்பு; நடப்பது நம் அனைவர் பொறுப்பு.

வாழ்க தமிழ்! வளர்க நட்பு!