பாதைத் தொகையீடு

பாதைத் தொகையீடு என்பது, ஒரு விலங்கு தான் நகர்ந்த தொலைவையும் திரும்பிய கோணங்களையும் தொடர்ந்து கூட்டிவந்து, புறப்பட்ட இடத்தின் திசையையும் தொலைவையும் அறியும் முறையாகும். இத்தகைய திறன் விலங்குகளுக்கு இருக்கலாம் எனச் சார்லசு டார்வின் 1873 இல் எழுதினார்.

பிடில் நண்டு

பெரியபாளையம் வழியே ஓடும் ஆரணியாறு கடலைச் சேரும் பழவேற்காட்டுப் பகுதியின் சேற்று நிலங்களில் பிடில் நண்டுகள் வாழ்கின்றன. மேயச் சென்ற நண்டுக்குத் தரைமட்டத்தில் உள்ள வளைவாய் விரைவிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிடும். எனினும் பறவை தாழப் பறந்தால் அது நேராக வளைக்கு ஓடுகிறது. மேயும்போது உடலின் ஒரு பக்கத்தை வளையை நோக்கியே வைத்திருக்கும். பக்கவாட்டில் ஓடும் உயிரினத்துக்கு இது பெரும் வசதி.

நண்டை அதன் திசை மாறாமல் வேறிடத்துக்கு நகர்த்தினால், வளை இருந்திருக்கவேண்டிய வெற்றிடத்துக்கு ஓடித் தேடும். வால்சு, லெய்ன் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், வழுக்கும் தாளின் மீது ஓடிய நண்டுகள் வளைக்கு முன்னதாகவே நின்றுவிட்டன. கால்கள் எடுத்த எட்டுகளைக் கொண்டே அவை தொலைவை அளக்கின்றன என்பதற்கு இது நேரடிச் சான்றாகும்.

பாலைவன எறும்பு

சகாரா எறும்புகளுக்குப் பன்றி மயிரால் பொய்க்கால் பொருத்திய 2006 ஆம் ஆண்டுச் சோதனையில், அவை கூட்டைத் தாண்டிச் சென்றன. ஆனால் திசையறிய இவ்வெறும்புகள் வானொளியையே நாடுகின்றன.

குறைபாடு

ஒவ்வோர் எட்டிலும் நேரும் சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்துகொள்வதால், பயணம் நீளும்தோறும் கணக்கு பிசகும். பிடில் நண்டு வளையைவிட்டு வெகுதூரம் செல்லாமல் மேய்வதால் பிழை சிறிதாகவே இருக்கிறது.