நஞ்சு மருந்தான வரலாறு

நாடி தாளம் தவறித் துடிப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதே அதற்கு ஒரு காரணம் என்பதை இலண்டனில் தாமஸ் லூயிஸ் 1909-ஆம் ஆண்டில் மின்பதிவுக் கருவியின் துணைகொண்டு விளக்கினார்.

அந்நாளில் இதற்குக் கைகண்ட மருந்து டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலை. பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் எழுதிய நூலால் அதன் பயன் பரவிற்று. அது விரையும் நாடியை நிதானப்படுத்தியது. ஆயினும் மற்றோர் ஆபத்து நீங்கவில்லை. நடுங்கும் அறையில் தேங்கும் குருதி உறையக்கூடும். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். இதைத் தடுக்கும் மருந்து பிறந்த இடமோ மாட்டுத் தொழுவம்!

1920-களில் கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலும் மாடுகள் சிறு காயத்திலும் குருதி நில்லாமல் மாண்டன. பூஞ்சணம் பிடித்த ‘சுவீட் குளோவர்’ தீவனமே காரணம் என்பதைக் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோபீல்டு கண்டறிந்தார். 1933-இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், இறந்த பசுங்கன்றையும் உறையாத குருதியையும் கெட்ட தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு கடும்பனியில் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் குழுவினர் ஆறாண்டு உழைத்து, 1939-இல் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த ‘வார்பரின்’ 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது; 1954-இல் மனிதர்க்குரிய மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மருந்து கிடைத்தும், யாருக்குத் தேவை என்பது தெளிவாகக் காலம் பிடித்தது. பிரேமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டு கவனித்த ஆராய்ச்சி, மேலறை நடுக்கமுடையோர்க்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என 1978-இல் காட்டிற்று. 1990-ஐ ஒட்டி நடந்த சோதனைகள், வார்பரின் அவ்வாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குறைப்பதை மெய்ப்பித்தன.

அளவு மிகின் குருதிக்கசிவு, குறையின் உறைகட்டி. ஆதலால் வார்பரின் உண்போர்க்கு அடிக்கடி குருதிச் சோதனை இன்றியமையாதது. அத்தகைய சோதனை வேண்டாத புதிய மருந்துகள் 2010 முதல் பழக்கத்திற்கு வந்துள்ளன. எனினும் செயற்கை உலோக வால்வு பொருத்தியோர்க்கு வார்பரினே உரியது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நாடி அடங்கிவிட்டதென்று எண்ணி, குருதி உறையாமைக்குத் தரப்பட்ட மருந்தைத் தாமே நிறுத்துவோர் பலர். நாடியைச் சீராக்குதல் வேறு. மூளையைக் காத்தல் வேறு. முன்னது கைகூடிய பின்னும் பின்னதன் தேவை நீங்குவதில்லை.