காதில் ஓதியதும் காதில் மாட்டியதும்

சுவாமிமலைக் கதை எல்லோருக்கும் தெரியும். பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, அப்பன் கைகட்டிக் கேட்டார். அறுபது படி ஏறினால் சாமிநாதன் இன்றும் குருவாக நிற்கிறார். உரக்கச் சொல்லவில்லை, காதில் ஓதினார் என்பதுதான் நமக்கு முக்கியம். ரகசியம் என்பது சொல்பவர், கேட்பவர் என்ற இருவருக்குள் அறிவைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு. மூன்றாவது காது நுழைந்தால் என்ன ஆகும்? வேதத்தை வேண்டுமென்று கேட்கும் சூத்திரன் காதில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். காது நம் ஊரில் வெறும் உறுப்பு அல்ல. காவல் போட்ட வாசல்.

இதை விட்டுவிட்டு, சட்டையில் செருகிக்கொள்ளும் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டியின் நல்லது கெட்டதைப் பேசினால் அது கடைக்காரர் பேச்சாகிவிடும்.

டெல்டாவில் ஒலி என்றால் முதலில் கூம்பு ஒலிபெருக்கி. இதே தஞ்சை மண்ணின் சூலமங்கலத்திலிருந்து வந்த சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் விடிகாலையில் ஊரையும் சேரியையும் ஒன்றாக எழுப்பும். கேட்பவர் சாதியைக் கூம்பு கேட்கவில்லை. சரி. ஆனால் எந்தக் குரல் கூம்பு ஏறும், எது ஏறாது என்று தீர்மானித்தவர்கள் யார்? வேண்டாம் என்றால் காதை மூடிக்கொள்ளவும் வழியில்லை.

பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த கேசட் இதில் ஓட்டை போட்டது. எண்பதுகளில் ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதி, டிடிகே 60 ஒன்றையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோமே, நினைவிருக்கா? எச்எம்வியின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்ததையும், வட்டாரக் குரல்கள் சந்தைக்கு வந்ததையும் பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை வைத்து எழுதினார். நமக்கு இன்னொன்றும் உண்டு. துபாய்க்குப் போனவர்கள் கொண்டுவந்த 'டூ இன் ஒன்'னில் பதிவுப் பொத்தான் இருந்தது. கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அதில் பேசி அனுப்பினார்கள்.

1979 ஜூலையில் சோனி வெளியிட்ட வாக்மேனில் அந்தப் பொத்தான் இல்லை. பாட்டை மட்டும் கேட்கலாம். கூச்சமோ என்னவோ, முதல் மாடலில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள், பிறகு ஒன்றாயிற்று. இதைத் தனிமை நோய் என்று பலர் திட்டினார்கள். 1984இல் ஷுஹெய் ஹொசொகாவா மறுத்தார்: அது நகரத்துக்குள் நடப்பவரின் தன்னாட்சி என்றார். நான் அவர் பக்கம். கும்பகோணம் டவுன் பஸ்ஸில் டிரைவர் போட்டதைத்தான் கேட்டாக வேண்டும் என்றிருந்த ஒரு பெண்ணுக்கு, தன் காது தன்னுடையது என்பது சின்ன விஷயமா?

'நடவுப் பாட்டு செத்துப்போச்சு, இந்தப் பொட்டிதான் கொன்னுது' என்பார்கள். நடவு இயந்திரம் வந்ததையும் ஆட்கள் வெளியூர் போனதையும் மறந்துவிட்டுச் சொல்லும் பேச்சு இது. குனிந்து பாடியவர்கள் யார் வயலில் பாடினார்கள்? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது கூலிப் பிரச்சினையில்தான். அந்த வயலின் கூலியைப் பேசாமல் அதன் பாட்டுக்கு மட்டும் அழுவது மிராசுக் கண்ணீர்.

என் குறை வேறு. 2005இல் வந்த ஐபாட் ஷஃபிள் 22 கிராம். திரை கிடையாது, பாட்டை அதுவே கலைத்துப் போடும். 2009இல் வந்த மூன்றாவது வகையில் பெட்டியிலிருந்த பொத்தான்களையும் எடுத்து இயர்போன் கம்பியில் வைத்தார்கள். கம்பி அறுந்தால் கடைத்தெருவில் வாங்கும் சாதா இயர்போன் உதவாது. பாட்டின் பெயரை அது வாய்விட்டுச் சொல்லும், 14 மொழிகளில். தமிழ் அதில் இல்லை. இந்திய மொழி எதுவுமே இல்லை. கேட்கலாம், பதிய முடியாது. அது பேசும், நம் பேச்சில் பேசாது. தனிமையைவிட இந்த வாயடைப்புதான் எனக்கு உறுத்துகிறது.

2017இல் ஷஃபிளையும் 2022இல் ஐபாட் வகை முழுவதையும் ஆப்பிள் நிறுத்திவிட்டது. கைபேசியில் பதிவுப் பொத்தான் திரும்பி வந்திருக்கிறது. யாரும் பாடலாம், பதியலாம், அனுப்பலாம். ஆனால் கணினியில் மாட்டும்வரை ஷஃபிள் நாம் கேட்டதை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது இணையத்தில் எந்தப் பாட்டை எத்தனை மணிக்குக் கேட்டோம், பாதியில் எங்கே நிறுத்தினோம் என்கிற கணக்கு கேட்கக் கேட்கவே கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.