பெட்டகமும் திருமுழுக்குச் சீட்டும்

திருச்சபை வரலாற்றை ஆராய்வோர் சபைப் பதிவேடுகளையும் போதகர்தம் கடிதங்களையுமே பெரிதும் நாடுகின்றனர். மரச்சாமான்களை நாடுவோர் அரியர். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய லுத்தரன், சீர்திருத்த சபையாரின் விசுவாச வாழ்வை அறிய, அவர்தம் வீட்டுப் பெட்டகங்களையும் திறந்து பார்த்தல் வேண்டும் என்போம்.

அக்குடியேற்றங்களில் போதகர் மிகச் சிலரே. தரங்கம்பாடி அருட்பணியைத் தாங்கிய ஹாலே நகரத்தாரே அனுப்பிய மியூலன்பெர்க் 1742இல் அங்குச் சென்று, சிதறுண்ட சபைகளை ஒன்றுசேர்க்க அரும்பாடுபட்டார். இந்நிலையில் வீடே பதிவேட்டைக் காக்கும் இடமாயிற்று.

பிள்ளைகள் வளர்ந்து வருகையில் ஆளுக்கொரு பெட்டகம் செய்விப்பது அம்மக்கள் வழக்கம். நம் சீர்வரிசைப் பெட்டியை நினைப்போர் ஒன்றைக் கருத வேண்டும்: இது பெண்மக்களுக்கு மட்டுமன்றி ஆண்மக்களுக்கும் உரியதாயிருந்தது. தச்சர் பைன் அல்லது துலிப்பாப்ளர் பலகைகளின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோப்பர். உள்ளே ஒரு பக்கத்தில் சிறு பொருள்களுக்கென மூடியுடன் ஓர் அறை இருக்கும். முகப்பில் உரியவரின் பெயரும் ஆண்டும், துலிப் மலர்கள், இதயங்கள், பறவைகள் ஆகியனவும் தீட்டப்படும். ஜோன்ஸ்டவுன் ஊர்க் கிறிஸ்டியன் செல்ட்சர் தம் பெயரையும் எழுதிவைத்தார்; பலர் அதுவும் செய்திலர்.

இம்மலர்கள் மறைபொருள் கொண்ட கிறிஸ்தவச் சின்னங்கள் என ஜான் ஜோசப் ஸ்டவுட் 1937இல் வாதிட்டார். வெறும் அழகுக்கே தீட்டினர் என்பார் வேறு சிலர். முகப்பைப் பற்றிய இவ்வழக்கில் மூடியின் உட்புறம் மறக்கப்படுவதாக நமக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் திருமுழுக்குச் சீட்டு பல வீடுகளில் ஒட்டப்பட்டது அங்கேதான். பெற்றோர், பிறந்த நாள், திருமுழுக்கு அளித்த போதகர், ஞானப்பெற்றோர் ஆகியோரின் விவரங்களைப் பள்ளி ஆசிரியர்கள் வண்ண எழுத்துகளில் வரைந்து தந்தனர். திருச்சபை விதித்த ஆவணமன்று அது; குடும்பமே விரும்பிப் பெற்றது. துணி எடுக்கத் திறந்தபோதெல்லாம் தான் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட நாள் உரியவரின் கண்முன் நின்றது. சிசுத் திருமுழுக்கு இல்லாத மென்னோனியரிடம் இச்சீட்டு வழங்காமையும் கருதத்தக்கது.

பின்னர் 1836, 1838ஆம் ஆண்டுச் சட்டங்கள் விடுதலைப் போர் வீரரின் விதவையருக்கு ஓய்வூதியம் வழங்கியபோது, திருமணத்தை மெய்ப்பிக்க வேறு சான்றில்லாத குடும்பங்கள் வேதாகமத்தின் குடும்பப் பக்கங்களையும் இத்தகைய சீட்டுகளையும் வாஷிங்டனுக்கு அனுப்பின. அவற்றுட் பல திரும்பவில்லை; இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழம்பொருள் வாணிகம் பெருகியபின் பெட்டகங்கள் பிலடெல்பியா, விண்டர்த்தூர் அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. பெயர் ஓரிடத்தும் அதைக் காத்த மரம் வேறிடத்துமாக இருக்கின்றன.