நாற்றத்தைத் தள்ளிவிட்ட நகரம்

ஈஸ்ட்ஹாமில் எங்கள் ஆட்கள் பலர் மாலையில் நடக்கப் போகும் கிரீன்வே, பார்வைக்கு நீண்டதொரு மண்மேடுதான். அதற்குள் வட லண்டனின் மலநீர் பெக்டனை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. சில கோடை நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த நாற்றத்துக்கு 1858ஐ விட்டால் தொடக்கம் சொல்ல முடியாது.

வீடுகளில் தண்ணீர்க் கழிப்பறைகள் பெருகி, முன்பு குழிகளில் கிடந்ததெல்லாம் தேம்ஸில் சேர்ந்த காலம் அது. அந்தக் கோடையில் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. மூன்று தடவை காலரா வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனபோது இழுபட்ட சாக்கடை வேலைக்கு, இப்போது 18 நாளில் சட்டம் வந்தது.

பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் பெருஞ்சாக்கடைகளைக் கட்டி, வடகரைக் கழிவைப் பெக்டனுக்கும் தென்கரைக் கழிவைக் கிராஸ்னஸுக்கும் கொண்டுபோனார். வற்று நேரத்தில் அங்கே ஆற்றில் திறந்துவிட்டார்கள். நகரத்தின் மூக்கு தப்பியது. ஆனால் 1878 செப்டம்பர் 3 மாலை, அந்தக் கழிவுத் திறப்புகளுக்கு அருகே 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாச நீராவிக் கப்பல் நிலக்கரிக் கப்பலோடு மோதி உடைந்தது. சற்று முன்னர்தான் திறந்துவிட்ட கழிவுக்குள் விழுந்து 600க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பிறகு கண்டுபிடித்த வழி, கழிவைப் படியவைத்து, அடியில் தங்கும் சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டுவது. 1887இல் புறப்பட்ட முதல் சேற்றுக் கப்பலுக்குப் பசல்ஜெட்டின் பெயரையே வைத்தார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே பாரோ டீப் போன்ற ஆழங்களில், தொழிற்சாலை உலோகங்களும் கலந்த சேறு வருடக்கணக்காக விழுந்தது.

1957இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸை உயிரற்ற ஆறு என்றது. சுத்திகரிப்பு நிலையங்களைப் பெருக்கிய பிறகு, 1974இல் சால்மன் மீன் திரும்பியது. ஊர் அந்த மீனைக் கொண்டாடிய நாட்களிலும் சேற்றுக் கப்பல்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஐரோப்பியச் சமூகத்தின் 1991ஆம் ஆண்டு ஆணை தடைபோட்ட பிறகே, 1998 முடிவில் அவை நின்றன. சேற்றை எரிக்கும் உலைகள் வந்தன. வீட்டிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு என்று இந்த நகரம் நெடுங்காலம் செய்தது இடமாற்றம்தான். அதற்கப்பால் தள்ளக்கூடாது என்று சட்டம் மறித்தபோதுதான் மாற்று வழிக்குப் பணம் பிறந்தது.

நகரத்தின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலநீரும் இன்றும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பெருமழையில் அது ஆற்றுக்குள் வழிவதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் 2025இல் முழுதாக இயங்கத் தொடங்கியது. ஆனால் எந்தச் சுரங்கமும் எங்கள் சமையலறையைத் திருத்தாது. 2017இல் வைட்சாப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளக் கொழுப்புக் கட்டி அகப்பட்டது. வடை சுட்ட எண்ணெயையும் மீன் பொரித்த எண்ணெயையும் சிங்க்கில் ஊற்றாமல், ஆறவிட்டுப் போத்தலில் அடையுங்கள். சுரங்கத்துக்கான காசை ஏற்கனவே தண்ணீர் பில்லில் கட்டுகிறோம். அடைப்பெடுக்கும் கூலியையும் சேர்த்துக் கட்டுவானேன்?