முப்பதாண்டுப் போரின் உயிரிழப்பு

முப்பதாண்டுப் போர் (1618–1648) புனித ரோமப் பேரரசின் நிலப்பரப்பில், பெரும்பாலும் இன்றைய ஜெர்மனியிலும் செக் நாட்டிலும், நடந்த தொடர் போர். பிராக் கோட்டையின் சன்னல் வழியே பேரரசரின் அதிகாரிகளைப் புரோட்டஸ்டன்ட் பிரபுக்கள் தூக்கியெறிந்ததில் மூண்டு, வெஸ்ட்பாலியா உடன்படிக்கையில் ஓய்ந்தது. இறந்தோர் தொகை 45 லட்சம் முதல் 80 லட்சம் வரை என மதிப்பிடுகிறார்கள். அவர்களில் போர்க்களத்தில் மாண்டவர்கள் சிறுபகுதியினரே. பட்டினியும் தொற்றுநோயும் கொன்றவர்களே மிகுதி. அவ்விரண்டும் போர்க்காலத்தில் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. படைகளுக்குத் தீனி போட்ட முறையில் விளைந்தவை.

பெரும்படையை ஆண்டு முழுதும் வைத்துக் காப்பாற்ற அன்றைய அரசர்களிடம் பணமில்லை. பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன், படை தங்கும் வட்டாரமே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று கட்டாயத் தண்டலை 1625 முதல் பெருமளவில் நடைமுறைப்படுத்தினார். எதிரணியினரும் அவ்வாறே செய்தனர். சிப்பாய்களின் பின்னால் மனைவி மக்கள், வேலையாட்கள், சில்லறை வியாபாரிகள் என்று இன்னொரு கூட்டம் நடந்தது. அவர்களுக்கும் அதே ஊர்கள்தாம் படியளக்க வேண்டும். விதைத் தானியமும் உழவு மாடும் பறிபோன ஊரில் மறு ஆண்டு விளைச்சல் ஏது? குடியானவர்கள் மதில் சூழ்ந்த நகரங்களுக்கு ஓடினார்கள். அங்கே நெரிசலில் பிளேக்கும் டைபஸும் பரவின. பறித்தவர்களும் தப்பவில்லை. எதிரணியில் நின்ற சுவீடனின் வடபகுதியில் பிக்டியோ என்னும் திருச்சபைப் பங்கிலிருந்து 1621–1639 காலத்தில் படைக்கு அனுப்பப்பட்ட 230 ஆண்களில் 215 பேர் அயல்மண்ணில் இறந்தனர். அவர்களையும் பெரும்பாலும் கொன்றது நோய்தான்.

படைகளைப் பராமரித்த முறையே பேரழிவுக்குக் காரணம் என்னும் இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, இழப்புக் கணக்கே மிகைப்படுத்தப்பட்டது என்பது. வரித் தள்ளுபடி வேண்டி ஊர்கள் சேதத்தைக் கூட்டிச் சொன்னதும், ஓடிப்போனவர்கள் இறந்தோர் கணக்கில் சேர்ந்ததும் உண்மையே. அதனால்தான் பேரரசின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது என்ற பழைய முடிவைப் பலர் இன்று குறைத்துச் சொல்கிறார்கள். ஆனால் குறைந்த மதிப்பீடே ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தொடுகிறது. இரண்டாவது, போரின்றியும் பிளேக் வந்திருக்கும் என்பது. வந்திருக்கலாம், ஆனால் 1629இல் வட இத்தாலியின் மாண்டுவாவுக்கான போரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த பேரரசப் படைதான் அதை லொம்பார்டிக்குக் கொண்டுபோனது. மூன்றாவது, படுகொலைகளே காரணம் என்று சொல்லி, 1631 மே 20 அன்று மக்டபர்க் நகரில் வாளும் தீயுமாகச் சுமார் 20,000 பேர் அழிந்ததைக் காட்டுவது. ஐரோப்பாவையே உலுக்கிய படுகொலை அது. எனினும் நாடு நெடுகப் பரவிய இழப்பை அத்தகைய சில நாட்களைக் கொண்டு விளக்க இயலாது.

படைக்கு ஒழுங்காகச் சோறு கிடைத்திருந்தால் குடிமக்கள் முழுதும் தப்பியிருப்பார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 14ஆம் லூயியின் பிரான்ஸ் வரிப்பணத்தாலும் தானியக் கிடங்குகளாலும் படையைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டது. அதே படை 1689இல் ஹைடல்பர்க், மான்ஹைம், ஸ்பேயர் நகரங்களை மேலிடத்து ஆணைப்படி நாசமாக்கியது. ஆனால் அது திட்டமிட்ட முடிவு, ஆணையிட்டவரைப் பொறுப்பாக்கலாம். முப்பதாண்டுப் போரிலோ யாரும் ஆணையிடாமலே ஊர்கள் அழிந்தன. ஒரு போரின் உயிர்விலையை எண்ணும்போது படை எங்கே சண்டையிட்டது என்பதோடு எங்கே தங்கியது, எதைத் தின்றது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.